"அப்பா நல்லாத்தான் சாப்பிடுறார்..."

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கப்பட்டது. 1965-ல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதே அறுபதுகளில்தான் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவானது. வேலை தேடி வெளிமாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று மனை வாங்கி வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டார்கள். அன்று இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது.

இந்த வீடுகளில் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது. அப்பாவால் இனி தனியாகச் சமாளிக்க முடியுமா, தினமும் கூட ஒரு ஆள் வேண்டுமா? பல வீடுகளில் இதற்கான பதில், அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்த பிறகுதான் தெரிகிறது. அதுவரை யாராவது விசாரித்தால் வரும் பதில்: "அவருக்கென்ன, நல்லாத்தான் சாப்பிடுறார்!"

ஆனால் சாப்பாட்டை வைத்து முடிவு செய்வது எவ்வளவு தவறு என்பதை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் கண்டறிந்தார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த அவரும் அவருடைய குழுவினரும் 1963-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். நோயின் பெயரை அது கேட்கவில்லை. குளிப்பது, உடை உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, தானே சாப்பிடுவது என்ற ஆறு செயல்களை மட்டுமே கேட்டது. இவை பெரும்பாலும் இதே வரிசையில்தான் கைவிட்டுப் போகின்றன. முதலில் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வதற்கு நேர் தலைகீழ்! ஆக, நம் வீடுகளில் முதலில் பார்க்கும் அடையாளம், உண்மையில் கடைசியாக மறையும் அடையாளம். வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, கம்பெனி லாபத்தில் ஓடுகிறது என்று சொல்வதைப் போலத்தான் இது.

1969-ல் பிலடெல்பியாவில் லாட்டன், பிராடி என்ற இருவர் இன்னொரு பட்டியல் போட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணக் கணக்கு பார்ப்பது என்று மொத்தம் எட்டு வேலைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல் மூன்றையும் ஆண்களிடம் கேட்கவே வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். அமெரிக்காவிலேயே அந்த நிலைமை!

சென்னையில் இந்தத் துறைக்கு வழி போட்டவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1978-ல் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி புறநோயாளிகள் பிரிவு தொடங்கியது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் வந்தது.

இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால், வீட்டிலேயே கண்டுகொள்வது எப்படி? இதற்கு நம் நாட்டுக்கேற்ற பதில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத, போனோ வங்கிக் கணக்கோ பழக்கமில்லாத முதியவர்களிடம் அமெரிக்கப் பட்டியலை நீட்டிப் பயனில்லை. அதுமட்டுமல்ல, கூட்டுக் குடும்பத்தில் தண்ணீர் முதல் மாத்திரை வரை மருமகளே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். முடியாததால் செய்யவில்லையா, செய்ய வேண்டிய அவசியமே இல்லாததால் செய்யவில்லையா என்று எப்படித் தெரியும்? அன்பே நோயை மறைத்துவிடுகிறது!

எனவே இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் மறதி நோயைக் கண்டறிய வேறு கேள்விகளைத் தயாரித்து, 1999-ல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் கூட வாழும் குடும்பத்தினர். சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்கிறாரா? ஒருவரிடம் சொல்லச் சொன்ன சேதியைச் சொல்கிறாரா? பண்டிகை நாட்கள் நினைவிருக்கிறதா? கல்யாணம் போன்ற வீட்டு விஷயங்களில் கருத்துச் சொல்கிறாரா? சொந்த ஊரிலேயே வழி தவறுகிறாரா?

2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் தர வேண்டிய மாதத் தொகைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. ஆனால் பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் ஒருவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்பது ரூபாய்க் கணக்கில் எங்கே தெரியப்போகிறது? 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆவடியிலிருந்து அங்கே கூட்டிப் போக, காரணம் வீட்டில் இருப்பவர் கண்ணில்தான் முதலில் பட வேண்டும். குளித்துவிட்டேன் என்கிறார், ஆனால் கொடியில் துண்டு காய்ந்தே கிடக்கிறது. நேற்றைய சட்டையே இன்றும் உடம்பில் இருக்கிறது. இட்லி மட்டும் வழக்கம்போல நாலு போகிறது.