கூடுதல் பதிவுகள் (டி.என்.எஸ்.)

இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தேடித் தரும் டி.என்.எஸ். சேவையகம், கேட்ட விடையோடு அடுத்துத் தேவைப்படும் விவரங்களையும் சேர்த்து அனுப்பும் பகுதி. 1987-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1035 வகுத்த செய்தி அமைப்பில் இது கடைசிப் பகுதி.

சேவைத் தேடல்: எஸ்.ஆர்.வி. பதிவில் (ஆர்.எஃப்.சி. 2782, 2000) முன்னுரிமை, எடை, போர்ட் எண், இலக்குக் கணினியின் பெயர் ஆகிய நான்கும் இருக்கும், ஐ.பி. முகவரி இருக்காது. போடிநாயக்கனூர் அருகே ராசிங்காபுரத்தில் ஒருவர் எஸ்.ஆர்.வி. வழியே இயங்கும் இணைய அழைப்புச் செயலியைத் திறக்கிறார் என்று கொள்வோம். இலக்கின் முகவரியும் கூடுதல் பகுதியில் வந்துவிட்டால் இன்னொரு கேள்வி கேட்கும் வேலை மிச்சம். ஏலமலைச் சரிவில் சிக்னல் மெலிந்த இடங்களில் இந்த மிச்சம் பெரிது. முகவரியைச் சேர்க்கும்படி தரநிலை வலியுறுத்துகிறது, கட்டாயப்படுத்தவில்லை. வராவிட்டால் செயலியே தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு: பழைய யு.டி.பி. வரம்பு 512 பைட். இடம் போதாதபோது சேவைத் தேடலின் கூடுதல் பதிவுகளைச் சேவையகம் விட்டுவிடலாம். விடை முழுமையானதாகவே கொள்ளப்படும். பெரிய செய்திகளுக்கு வழிவிடும் ஈ.டி.என்.எஸ். நீட்டிப்பின் ‘ஆப்ட்’ பதிவும் இதே பகுதியில்தான் பயணிக்கிறது.

ஒட்டுப் பதிவுகள்: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ்க் களங்களுக்கு மூலச் சேவையகம் வழிகாட்டும்போது, பெயர்ச் சேவையகங்களின் முகவரிகளும் ஒட்டுப் பதிவுகளாக இப்பகுதியில் வருகின்றன. களத்துக்குள்ளேயே பெயர் கொண்ட சேவையகங்களின் முகவரிகள் முழுவதும் அடங்காவிட்டால், செய்தி துண்டிக்கப்பட்டதாகக் குறிக்க வேண்டும் என்கிறது ஆர்.எஃப்.சி. 9471 (2023).

பாதுகாப்பு: போலி முகவரிகளை இப்பகுதியில் நுழைத்துத் தற்காலிக நினைவகத்தைக் கெடுக்க முடியும் என்பதை 2008-இல் டான் காமின்ஸ்கி வெளிப்படுத்திய குறைபாடு உணர்த்தியது. பொதுவாகவே, விடையளித்த சேவையகத்தின் அதிகார எல்லைக்கு வெளியே உள்ள பெயர்களை நம்பக் கூடாது.