நானோ கூட்டுப் பீங்கான்

நானோ கூட்டுப் பீங்கான் என்பது ஒரு பீங்கானின் மணிகளுக்குள்ளும் மணி எல்லைகளிலும் நானோமீட்டர் அளவிலான வேறொரு பீங்கானின் துகள்களைப் பரவச் செய்து உருவாக்கப்படும் பொருள் ஆகும்.

அலுமினா போன்ற கட்டமைப்புப் பீங்கான்கள் மிகக் கடினமானவை. ஆயினும் சிறு விரிசல் ஒன்றே அவற்றை உடைத்துவிடும். அலுமினாவில் கன அளவில் 5% சிலிக்கான் கார்பைடு துகள்களைச் சேர்த்தபோது, அதன் வலிமை சுமார் 350 மெகாபாசுக்கலில் இருந்து 1,000 மெகாபாசுக்கலுக்கு மேல் உயர்ந்ததாகச் சப்பானிய அறிவியலாளர் கோய்ச்சி நீகாரா 1991இல் அறிவித்தார். பிற ஆய்வகங்களில் பெரும்பாலும் இவ்வளவு உயர்வு கிட்டவில்லை. சாணை பிடிக்கும்போது மேற்பரப்பில் தங்கிவிடும் அமுக்கத் தகைவே வலிமை உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம் என்போரும் உளர்.

தேய்மானம் குறைவதில் இத்தகைய ஐயம் இல்லை. தனி அலுமினாவில் விரிசல் மணி எல்லை வழியே ஓடுவதால் மணிகள் பெயர்ந்து உதிர்கின்றன. நானோ துகள்கள் சேர்ந்த அலுமினாவிலோ அது மணிகளை ஊடறுத்துச் செல்கிறது, உதிர்வு குறைகிறது.

திருச்சிராப்பள்ளியில் 1965இல் தொடங்கப்பெற்ற பாரத மிகுமின் நிறுவன ஆலை, அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்களைச் செய்கிறது. சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியின் தூள் இத்தகைய கொதிகலன்களின் குழாய் வளைவுகளை அரிப்பதால், அவற்றின் உட்புறத்தில் அலுமினா ஓடுகள் பதிப்பதுண்டு. மேற்கூறிய பண்பு பயன்படக்கூடியது இத்தகைய இடங்களில்தான். ஆனால் சிலிக்கான் கார்பைடு துகள்கள் அலுமினா இறுகுவதைத் தடுக்கின்றன. எனவே 1500 பாகை செல்சியசுக்கு மேல் அழுத்தத்துடன் சுட வேண்டியுள்ளது. ஓடுகளுக்கு இது செலவு மிக்க முறை.