முரண்படும் பரிணாம மரங்கள்

1859இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இருந்த ஒரே படம், கிளைத்துச் செல்லும் மர வரைபடம்தான். இன்றைய ஆய்வாளரின் கணினியோ ஒரே தரவிலிருந்து ஆயிரக்கணக்கான மரங்களைத் தருகிறது. பத்து இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வேரிலிருந்து இரண்டிரண்டாகப் பிரியும் மரங்களாக அவற்றை 3,44,59,425 விதங்களில் அமைக்கலாம். தரவுக்குப் பொருந்தும் மரங்களையெல்லாம் சுருக்கி ஒரே பொதுமரமாக வெளியிடுவது வழக்கம். அப்படிச் சுருக்கும்போது மரங்களுக்கு இடையிலான முரண் மறைந்துவிடுகிறது. அந்த முரணும் ஒரு செய்திதான். அதைக் கண்ணுக்குக் காட்டவே ஒப்பீட்டு மென்பொருள்கள் எழுந்தன.

ஒப்பிட முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். அதை 1981இல் ராபின்சனும் ஃபோல்ட்ஸும் வகுத்தனர். மரத்தின் உட்கிளை ஒன்றை வெட்டினால் இனங்கள் இரு குழுக்களாகப் பிரியும். ஒரு மரத்தில் இருந்து மற்றதில் இல்லாத பிரிவுகளின் எண்ணிக்கையே இரண்டுக்கும் உள்ள தொலைவு. ஹில்லிஸ், ஹீத், செயின்ட் ஜான் மூவரும் 2005இல் இத்தகைய தொலைவுகளைக் கொண்டு மரக்கூட்டத்தைத் தளத்தில் பரப்பிக் காட்டினர். ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளி. ஒத்த மரங்கள் அருகருகே திரளும். புள்ளிகள் இரண்டு திரள்களாகப் பிரிந்து நின்றால், இரண்டையும் கலந்த பொதுமரம் எதற்கும் உண்மையாகாது. ஆனால் இம்முறைக்கும் குறை உண்டு. ஒரே ஓர் இனம் இடம் மாறினாலே தொலைவு பெருமளவு கூடிவிடக்கூடும்; தளத்தில் பரப்பும்போது தொலைவுகள் சற்றுத் திரியவும் செய்யும்.

2010இல் பௌக்கார்ட் அறிமுகப்படுத்திய டென்சிட்ரீ என்னும் மென்பொருள் வேறு வழியில் செல்கிறது. எல்லா மரங்களையும் ஒளி ஊடுருவும் தாள்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக வரைகிறது. உடன்பாடுள்ள கிளைகள் அடர்ந்து தெரியும். மாறுபடுபவை மெல்லிய வலையாகப் படரும்.

மனிதர், சிம்பன்சி, கொரில்லா உறவு இத்தகைய வலைக்குத் தக்க சான்று. மனிதருக்கு நெருங்கிய உறவு சிம்பன்சிதான். ஆயினும் 2012இல் வெளியான கொரில்லா மரபணுத்தொகுதி ஆய்வின்படி, தொகுதியின் சுமார் 30 விழுக்காட்டுப் பகுதிகளில் மனிதரும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று இருப்பதைவிட, கொரில்லா அவ்விரண்டில் ஒன்றுக்கு அதிக நெருக்கமாக உள்ளது. மூதாதைக் கூட்டத்தில் இருந்த மரபணு வேறுபாடுகள், இனங்கள் அடுத்தடுத்துப் பிரிந்தபோது வெவ்வேறு கிளைகளுக்குச் சிதறிப் போனதே காரணம். இப்பகுதிகளின் மரங்களை அடுக்கினால் எழும் வலை, வரலாறே விட்டுச்சென்ற தடம்.

தரவு போதாமையாலும் இதே போன்ற வலை தோன்றும் என்பதே இதிலுள்ள சிக்கல். படம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. கூடுதல் மரபணுக்களைச் சேர்த்த பிறகும் வலை குறைகிறதா, நிலைக்கிறதா என்று சோதித்துத் தீர்மானிப்பது ஆய்வாளரின் பொறுப்பு.