மூட்டை முடக்கும் காய்ச்சல்

எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் யாருக்கேனும் மூட்டு வீங்கினால், "வாதம் பிடித்துவிட்டது" என்று கூறிவிடுவர். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் மறைந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய சிக்குன்குனியாவின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1952ஆம் ஆண்டில், இன்று தான்சானியா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டின் தென்பகுதியில், மகோண்டே மேட்டுநிலத்தில் ஒரு காய்ச்சல் பரவிற்று. மூட்டு வலி பொறாமல் மக்கள் உடல் வளைந்து நடந்தனர். 'வளைந்து போதல்' என்னும் பொருளுடைய மகோண்டே மொழிச் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்பும் வைரசே இதற்குக் காரணம். 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் நம் சென்னையிலும் இந்நோய் தோன்றிப் பல்லாயிரவரை வாட்டியது. 1973க்குப் பின் பல்லாண்டுகள் அடங்கியிருந்து, 2005இன் இறுதியில் மீண்டும் தலைகாட்டியது. 2006இல் இந்தியாவில் ஏறக்குறைய 14 இலட்சம் பேருக்கு இந்நோய் கண்டதாகக் கருதப்பட்டது. தமிழ்நாடும் தப்பவில்லை. சுண்ணக்கட்டியைப் பிடிக்க இயலாதபடி விரல்மூட்டு வீங்கிய ஆசிரியர்களை நான் அப்போது கண்டேன். காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. மூட்டு வலியோ சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

காரணம் அறிவதன் பயனைப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றால் விளக்குவேன். 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்னும் ஊரின் சுற்றுப்புறத்தில் சிறுவர் பலருக்கு மூட்டு வீங்கியது. ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு எவ்வாறு வந்தது என்று தாய்மார் இருவர் வினவினர். அவ்வினாவே ஆய்வுக்கு வழி திறந்தது. உண்ணிக் கடியால் உடலிற் புகும் பாக்டீரியமே காரணம் என்பது 1982 அளவில் தெளிவாயிற்று. பாக்டீரியம் ஆதலின் அந்நோய் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படுகிறது. சிக்குன்குனியாவோ வைரசால் வருவது. அம்மருந்து இங்கே பயன்படாது. வீக்கம் ஒன்றுபோலத் தோன்றினும் காரணம் வேறு. ஆகவே மருத்துவமும் வேறு.

இக்காரணத்தை இரத்தப் பரிசோதனையே காட்டும். முதல் வாரத்தில் வைரசின் மரபுப்பொருளையும், அதன்பின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் கண்டு நோயை உறுதி செய்கின்றனர். அதே கொசு பரப்பும் டெங்குவும் தொடக்கத்தில் இதுபோலவே தோன்றும். டெங்கு அன்று என்று தெளியும்வரை ஆஸ்பிரின் உண்ணலாகாது. உண்டால் இரத்தக்கசிவு நேரலாம். ஓய்வு கொள்ளுதல், நிறைய நீர் பருகுதல், மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் உண்ணுதல் ஆகியவையே செய்யத்தக்கவை. இந்த வைரசை அழிக்கும் தனி மருந்து இன்னும் இல்லை.

ஆதலின் வருமுன் காத்தலே நமக்குரிய வழி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் முன்னோர் ஏரியைக் காக்க வாரியம் அமைத்தனர். ஏடிஸ் கொசுவோ ஏரியை நாடுவதில்லை. வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் தேங்கிய தெளிந்த நீரையே நாடுகிறது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். இந்த வாரியத்திற்குக் குடவோலை வேண்டா; நீங்கள் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே.