உலக ஊட்டச்சத்து அறிக்கையில் தாம்பரம் எங்கே இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் உலக அளவிலான உணவு, ஊட்டச்சத்து அறிக்கை ஏதாவது ஒன்று வெளியாகும்போது, நமது ஊடகங்களில் இரண்டு நாட்களுக்கு ஒரே விவாதம்தான்: இந்தியா எத்தனையாவது இடம்? ஒரு தரப்பு அதை அவமானம் என்கிறது. மறு தரப்பு அது சதி என்கிறது. மூன்றாம் நாள் எல்லோரும் வேறு செய்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த அறிக்கை யாரைப் பற்றிப் பேசியதோ அந்தக் குழந்தையின் எடை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த அறிக்கைகளைச் சரியாகப் படிப்பது எப்படி, படித்ததை மற்றவர்களிடம் சரியாகச் சொல்வது எப்படி என்பதைத் தாம்பரத்திலும் தென்சென்னைப் புறநகரிலும் வாழும் வாசகர்களை மனதில் வைத்து இங்கே பார்ப்போம்.

ஒன்றல்ல, பல அறிக்கைகள்

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. உலகப் பட்டினிக் குறியீடு வேறு, உலக ஊட்டச்சத்து அறிக்கை வேறு.

உலகப் பட்டினிக் குறியீட்டைக் கன்சர்ன் வேர்ல்டுவைட், வெல்ட்ஹங்கர்ஹில்ஃபே ஆகிய இரு ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் முன்னின்று வெளியிடுகின்றன. போதிய கலோரி கிடைக்காதோர், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள், உயரத்துக்கேற்ற எடையில்லாத குழந்தைகள், ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆகிய நான்கு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் தருகிறார்கள். 2023இல் இந்தியா 125 நாடுகளில் 111ஆவது இடம், 2024இல் 127 நாடுகளில் 105ஆவது இடம். இதைப் பார்த்து ‘ஆறு இடம் முன்னேறிவிட்டோம்’ என்று சொல்வது தவறு. நாடுகளின் எண்ணிக்கையும் அடிப்படைத் தரவுகளும் ஆண்டுக்காண்டு மாறுவதால், ஓராண்டின் இடத்தை மற்றோர் ஆண்டோடு ஒப்பிடக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

உலக ஊட்டச்சத்து அறிக்கை 2013ஆம் ஆண்டு லண்டன் மாநாட்டைத் தொடர்ந்து உருவாகி, 2014இல் முதன்முதலாக வெளிவந்தது. இதன் நோக்கம் இடம் பிடிப்பதல்ல. அரசுகள் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று கணக்குப் பார்ப்பதே இதன் வேலை. 2012இல் உலக சுகாதாரப் பேரவை 2025க்குள் எட்ட வேண்டிய ஆறு இலக்குகளை வகுத்தது. உயரக் குறைபாடுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையை 40 விழுக்காடு குறைப்பது, பெண்களின் இரத்தசோகையைப் பாதியாக்குவது, குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளை 30 விழுக்காடு குறைப்பது, குழந்தைகளின் அதிக எடை கூடாமல் தடுப்பது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருவதை 50 விழுக்காட்டுக்கு உயர்த்துவது, மெலிந்த குழந்தைகளை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஆகியவையே அவை. பெரும்பாலான இலக்குகளை உலகம் எட்டவில்லை. 2025 மே மாதம் கூடிய பேரவை காலக்கெடுவை 2030க்குத் தள்ளி வைத்தது.

யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி ஆகியவை இணைந்து 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் ஐந்து வயதுக்குட்பட்ட 15.02 கோடிக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 4.28 கோடிக் குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். 3.55 கோடிக் குழந்தைகள் அதிக எடையுடன் இருந்தனர்.

தமிழகத்தின் கணக்கு

இந்த இலக்குகளை அளவுகோலாக வைத்து நமது மாநிலத்தைப் பார்க்கலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, 2015-16இல் நடந்த நான்காவது ஆய்வு ஆகியவற்றின் எண்கள் இவை:

உயரக் குறைபாடு: 27.1 விழுக்காட்டிலிருந்து 25.0. நான்கு குழந்தைகளில் ஒருவர். இந்திய அளவில் இது 35.5.

மெலிவு: 19.7இலிருந்து 14.6. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் உலக இலக்கான 5 விழுக்காட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

தாய்ப்பால் மட்டும் தருவது: 48.3இலிருந்து 55.1. பழைய இலக்கைத் தாண்டிவிட்டோம்.

பெண்களின் இரத்தசோகை: 55.0இலிருந்து 53.4. அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

குழந்தைகளின் இரத்தசோகை: 50.7இலிருந்து 57.4. கூடியிருக்கிறது.

பெண்களின் அதிக எடை: 30.9இலிருந்து 40.4. பத்தில் நான்கு பெண்கள்.

கடைசி மூன்று வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. ஒரே வீட்டில் தாய்க்கு எடை அதிகம், அவருக்கே இரத்தசோகையும் இருக்கிறது, குழந்தை மெலிந்திருக்கிறது. ‘பட்டினி’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த நிலை அடங்காது. அதனால்தான் ‘எங்கள் பகுதியில் பட்டினி கிடப்பவர் யாருமில்லை’ என்று சொல்லி இந்த அறிக்கைகளை நாம் ஒதுக்கிவிட முடியாது.

நமது ஊர் எந்தப் பக்கத்தில்?

அப்படியானால் தாம்பரத்தின் நிலை என்ன? அந்த ஆய்வில் தேடினால் செங்கல்பட்டு மாவட்டம் என்ற பெயரே கிடைக்காது. 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்ட வரைபடத்தை வைத்தே ஆய்வு நடந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆகவே நமது குழந்தைகள் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சராசரிக்குள் கரைந்து கிடக்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021இல். அதற்கென்று தனி எண் அந்த ஆய்வில் இல்லை.

சராசரி எப்போதும் இரண்டு உண்மைகளை மறைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் குழந்தையும், அதன் பின்புறத் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பத்தின் குழந்தையும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் வார்டு அளவில் உண்மையைச் சொல்லும் பதிவேடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது அங்கன்வாடியின் எடைப் பதிவேடு. குழந்தைகளின் எடையும் உயரமும் அங்கே அளக்கப்பட்டு, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றப்படுகின்றன.  குழந்தை அங்கே போகவில்லை என்றால், அந்தப் பதிவேட்டில் அது இல்லை.

மற்றவர்களிடம் சொல்லும்போது

ஒரு புள்ளிவிவரத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு முன் நான்கு கேள்விகள் போதும். யார் வெளியிட்டது? எந்த ஆண்டில் எடுத்த கணக்கு? எந்த வயதினரைப் பற்றியது? எந்தப் பகுதிக்கு உரியது? ‘தமிழகத்தில் கால்வாசிப் பேர் பட்டினி’ என்பது பொய்ச் செய்தி. ‘2019-21 ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நால்வரில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரத்தில் இல்லை’ என்பது சரியான செய்தி.

அடுத்து, எண்ணோடு நிறுத்தாமல் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்திலும், மகளிர் குழுவிலும் சொல்லத்தக்கவை இவை:

* கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1000 நாட்கள்தான் முக்கியம். இதில் தவறவிட்ட வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

* முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, முட்டை, கீரை, மீன் என்று வகை வகையாகத் தொடங்க வேண்டும்.

* கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம், இரும்பு உடலில் சேர்வதை அவை தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை உதவும்.

* ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான மெலிவு. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

* அங்கன்வாடி ஏழைகளுக்கு மட்டுமானதல்ல. எல்லாக் குழந்தைகளுக்கும் அதன் சேவை கிடைக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தபோது, முதலமைச்சர் கலந்துகொண்டது நமது தாம்பரம் மாநகராட்சியின் 6ஆவது வார்டில், பம்மலில். அந்தச் சபைகளில் நாம் சாலை, குடிநீர், மழைநீர் வடிகால் பற்றிக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: நமது வார்டு அங்கன்வாடிகளில் எத்தனை குழந்தைகளுக்கு எடை பார்க்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் மெலிந்திருக்கிறார்கள், சென்ற முறையைவிடக் கூடியதா, குறைந்ததா? குழந்தைகளின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும்.

ஜெனீவாவிலும் ரோமிலும் தயாராகும் அறிக்கைகளை நம்மால் திருத்த முடியாது. நமது தெருவில் அங்கன்வாடிக்குப் போகாத ஒரு குழந்தையை அடுத்த எடை பார்க்கும் நாளில் கூட்டிச் செல்ல நம்மால் முடியும். அதைச் செய்தால், நமது வார்டின் எடைப் பதிவேட்டில் அந்தக் குழந்தையும் எண்ணப்பட்டிருக்கும்.