இத்தாலிய வினைச்சொல்லில் அசையும் அழுத்தமும்

இத்தாலிய மொழியில் 'கன்–தோ' என்றால் 'பாடுகிறேன்'. முதலசையில் விழும் அழுத்தத்தை ஈற்றசைக்கு மாற்றினால் அதே சொல் 'பாடினான்' அல்லது 'பாடினாள்' என்றாகிவிடும். தன்மை படர்க்கையாகிறது, நிகழ்காலம் இறந்தகாலமாகிறது. எழுத்தில் இதைக் காட்டுவது இறுதி உயிரின் மேல் இடும் சிறு சாய்கோடு ஒன்றே. தமிழில் இடைநிலையும் விகுதியும் ஆற்றும் பணியை அங்கே குரலின் அழுத்தம் ஆற்றுகிறது.

இங்கு அசை என்றது ஓர் உயிரை மையமாகக் கொண்ட ஒலிக்கூறு. நம் யாப்பின் நேரும் நிரையும் அல்ல. இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவை ஈற்றயல் அசையில் அழுத்தம் பெறுவன. அவற்றைச் 'சமமானவை' என்பர். ஈற்றசையில் பெறுவன 'துண்டிக்கப்பட்டவை'. ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் பெறுவன 'வழுக்குபவை'. ஒரே வினை இம்மூன்று வடிவமும் கொள்ளும். 'கன்–தியா–மோ' (பாடுகிறோம்) சமமானது. 'கன்–த–னோ' (பாடுகிறார்கள்) முதலசையில் அழுந்தி வழுக்குவது. 'தெ–லே–ஃபொ–ன–னோ' (தொலைபேசியில் அழைக்கிறார்கள்) என்பதில் அழுத்தம் ஈற்றிலிருந்து நான்காம் அசைவரை பின்வாங்குகிறது.

இந்த இடமாற்றங்களுக்கு இலத்தீனே காரணம். 'பாடுகிறார்கள்' என்பதற்கான இலத்தீன் வடிவம் ஈரசைச் சொல், அழுத்தம் முதலசையில். பிற்காலத்தில் ஈற்று மெய் தேய்ந்து 'ஓ' சேர்ந்தபோதும் அழுத்தம் பழைய இடத்தை விடவில்லை. 'பாடினான்' என்பதற்கான 'கன்–தா–வித்' என்பதிலோ அழுத்தம் நடு அசையில். இறுதி அசை அதனோடு கரைந்துபோக, அழுந்திய அசையே சொல்லின் ஈறாயிற்று.

அழுத்தம் உயிரொலியையும் மாற்றுவதுண்டு. 'இறக்கிறான்' என்பது 'முவோ–ரே'. 'இறக்கிறோம்' என்பது 'மொ–ரியா–மோ'. ஒழுங்கற்ற வினை என்று இதை மனப்பாடம் செய்வோர் பலர். உண்மையில் இது ஒழுங்கின் விளைவு: மெய்யால் மூடப்படாத அசையில் அழுத்தம் பெற்ற இலத்தீன் குற்றுயிர் 'ஒ' இரட்டித்து 'உவோ' ஆயிற்று, அழுத்தம் பெறாத இடத்தில் 'ஒ'வாகவே நின்றது.

அசை பிரியும் இடமும் பொருளை மாற்றும். 'கன்–தெ–ரே–மோ' என்றால் 'பாடுவோம்'. 'கன்–தெ–ரெம்–மோ' என்று மகரம் இரட்டித்தால் 'முடிந்தால் பாடுவோம்' என்பதுபோல் நிபந்தனை தொனிக்கும் வினை. முன்னதில் அழுந்திய உயிர் நீள்கிறது. பின்னதில் ஒற்று அதைக் குறுக்குகிறது. 'பாடு', 'பாட்டு' என ஒற்றின் வலிமையை அறிந்த தமிழ்ச் செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் பிடிபடும்.

ஆகவே இத்தாலிய வினைகளைக் கற்போர் வாய்பாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. வாய்பாடு என்ற பெயருக்கேற்ப அதை வாய்விட்டே பயில வேண்டும். பாடுபவர் யார், பாடியது எப்போது என்பதெல்லாம் அப்போதுதான் தெளியும்.