இரும்புப் பட்டறையில் பிறந்த இசை



பூச்சோங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களுமே மிகுதியாக இருந்தன. இன்று அவை இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. லயத்து வீடுகளை விட்டு அங்கே குடியேறிய நம் குடும்பங்களிலும், இன்னும் தோட்டங்களிலேயே வாழ்கின்ற குடும்பங்களிலும், ஒரு காட்சியை இப்போது காண்கிறோம். பிள்ளை கறுப்புச் சட்டை அணிந்துகொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, இடி இடிப்பது போன்ற ஓர் இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். “இது பாட்டா, இரைச்சலா?” என்று தாயார் கேட்கிறார். “உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அம்மா” என்கிறான் பிள்ளை. இருவருக்கும் இடையே ஒரு சுவர் எழும்புகிறது.

அந்தச் சுவரைச் சற்றே தாழ்த்துவதற்காக, ‘ஹெவி மெட்டல்’ என்னும் அந்த இசையின் வரலாற்றையும், அதிலே அதிகம் பெயர் பெறாத குழுக்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேகரிக்கும் பழக்கம் எப்படி வளர்ந்தது என்பதையும் இன்று பார்ப்போம்.

ஹெவி மெட்டல் என்றால் கன உலோகம் என்று பொருள். இந்தப் பெயருக்கு ஏற்றாற்போல், இவ்விசை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தோடு பிரிக்க முடியாத தொடர்புடையது. பர்மிங்காம் இரும்புப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அங்கே டோனி அயோமி என்ற தொழிலாளி வீட்டு இளைஞர் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1965ஆம் ஆண்டு, தமது 17ஆம் வயதில், இசையையே தொழிலாகக் கொள்ளலாம் என்று எண்ணி வேலையை விட முடிவு செய்தார். கடைசி நாள் வேலையின்போது அவருடைய வலக்கை இயந்திரத்தில் சிக்கி, இரண்டு விரல்களின் நுனிகள் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகையால், கிட்டாரின் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள்தாம் போய்விட்டன. பால் வெட்டுகிறவருக்குக் கத்தி பிடிக்கும் கை போனால் எப்படியோ, அப்படித்தான் அவர் நிலையும்.

மனம் உடைந்திருந்த அவருக்கு, அவருடைய மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞர் வாசித்தது. 1928இல் தாம் வாழ்ந்த வண்டி வீட்டில் பற்றிய தீயினால் ஜாங்கோவின் இடக்கையில் இரண்டு விரல்கள் செயலிழந்துவிட்டன. எஞ்சிய விரல்களைக் கொண்டே அவர் உலகப் புகழ் பெற்றார். இதைக் கேட்டறிந்த அயோமி ஊக்கமடைந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிற்காலத்தில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியும் வாசித்தார். தளர்ந்த தந்தியை அழுத்துவது எளிது. அதிலிருந்து எழும் ஒலியோ கனத்தது, இருண்டது. இவ்விசைக்கே உரிய கனத்த ஒலி உருவானதில் ஒரு தொழிலாளியின் விபத்துக்கும் விடாமுயற்சிக்கும் பங்கு உண்டு.

அயோமியும் அதே நகரத்து இளைஞர்கள் மூவரும் சேர்ந்து 1968இல் தொடங்கிய குழுவே பிளாக் சபாத் ஆயிற்று. அந்தப் பெயர் 1963இல் வெளிவந்த ஒரு பேய்ப்படத்தின் பெயர். பெயரைக் கேட்டுத் திகைப்பவர்கள், அது திரையரங்கிலிருந்து வந்தது என்பதை அறிந்தால் சற்று அமைதியடையலாம். முதல் இசைத்தட்டின் பாடல்களை ஏறக்குறைய ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்து முடித்தனர். 1970 பிப்ரவரி 13ஆம் நாள் அது வெளிவந்தது. ஹெவி மெட்டல் இசையின் தொடக்கம் இதுவே என்று பலரும் கூறுவர். அக்குழுவின் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் இளமையில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 2025 ஜூலை 5ஆம் நாள் அதே பர்மிங்காமில் நால்வரும் கூடி இறுதி நிகழ்ச்சி நடத்தினர். அந்த மாதம் 22ஆம் நாள் ஓசி காலமானார்.

நேயர்களே, பெயர் பெற்றவர்களின் கதை இது. பெயர் பெறாதவர்களின் கதை இன்னும் சுவையானது.

1980ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான இளைஞர் குழுக்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று ஸ்டோர்பிரிட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்த டயமண்ட் ஹெட். பெரிய நிறுவனம் எதுவும் கைகொடுக்காததால், 1980இல் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். அட்டையில் படம் கிடையாது. வெறும் வெள்ளை உறைதான். அஞ்சல் வழியாகவும் நிகழ்ச்சி மேடைகளிலும் விற்றார்கள். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லார்ஸ் உல்ரிக் என்ற 17 வயது இளைஞர், இந்தக் குழுவைக் காண்பதற்கென்றே 1981இல் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். ஊர் திரும்பியவர் அவ்வாண்டே மெட்டாலிக்கா என்ற குழுவைத் தொடங்கினார். 1984இல் மெட்டாலிக்கா டயமண்ட் ஹெட்டின் பாட்டு ஒன்றைத் தன் இசைத்தட்டில் சேர்த்தது. மெட்டாலிக்கா உலகப் புகழ் அடைந்தபோது, வெள்ளை உறைக்குள் கிடந்த அந்தச் சிறிய குழுவையும் உலகம் தேடிப் பிடித்தது.

அந்தக் காலத்தில் இளைஞர்களிடம் கணினியும் கைப்பேசியும் பரவலாக இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டுதான் இளைஞர்களின் துணை. ஒரு நாட்டு இளைஞன் தன்னிடமுள்ள அரிய பாடல்களைக் கேசட்டில் பதிந்து வேறு நாட்டு நண்பனுக்கு அஞ்சலில் அனுப்புவான். அவன் தன் ஊர்க் குழுக்களின் பாடல்களைப் பதிந்து திருப்பி அனுப்புவான். நம் தோட்டங்களில் ஒரு வீட்டு முருங்கைக் கொம்பு அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து கறிவேப்பிலைக் கன்று திரும்பி வருவதில்லையா? அதைப் போன்ற பண்டமாற்றுத்தான் இதுவும்.

நம் நாட்டிலும் இவ்விசை வேரூன்றியது. ஜொகூரில் 1981இல் தோன்றிய சர்ச் குழுவின் ‘இசபெல்லா’ என்ற மலாய்ப் பாடல் 1989இல் இந்தோனேசியா வரை புகழ் பெற்றது. விங்ஸ், லெஃப்ட்ஹேண்டட் ஆகிய குழுக்களும் மக்களிடையே செல்வாக்குப் பெற்றன. ஆஸ்திரேலியாவில் படிக்கச் சென்ற மலேசிய மாணவர்கள் 1980களின் பிற்பகுதியில் குரோமோக் என்ற குழுவை அமைத்து, இன்னும் வேகமான மெட்டல் இசையைத் தந்தனர். எதிர்ப்பும் வந்தது. நீள முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று 1992இல் தடை விதிக்கப்பட்டது. சிலர் முடியை வெட்டிக்கொண்டார்கள். 2001இல் ‘பிளாக் மெட்டல்’ பற்றி நாடெங்கும் அச்சம் பரவியபோது, கறுப்புச் சட்டை அணிந்த பள்ளி மாணவர்களும் ஐயத்துக்கு ஆளானார்கள்.

நம்மவர்க்கு இதில் பங்கில்லையா என்று கேட்கலாம். உண்டு. அண்டை நாடான சிங்கப்பூரில் 1992இல் இந்திய இளைஞர்கள் ருத்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். கதிர் என்பவர் பாடி, பேஸ் கிட்டாரும் வாசிக்கிறார். 1998இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 2005இல் ‘பிரம்மவித்யா’ என்ற வரிசையின் முதல் தொகுப்பு வந்தது. உபநிடதக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் கன உலோக இசையோடு இணைத்ததால், இவர்கள் இசையை ‘வேத மெட்டல்’ என்கிறார்கள். உலகின் பல மூலைகளில் உள்ள மெட்டல் நேயர்கள் இக்குழுவைத் தேடிக் கேட்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் பிறந்த இக்குழுவின் பெயர் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, இத்தகைய குழுக்களைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்கிறேன். மாணவர்கள் கவனிக்கவும்.

முதலாவது, பிடித்த குழுவுக்கு ஆசான் யார் என்று கேட்க வேண்டும். மெட்டாலிக்காவிலிருந்து பின்னோக்கி நடந்தால் டயமண்ட் ஹெட் வரும். இன்னும் நடந்தால் பிளாக் சபாத் வரும். இரண்டாவது, உறையிலுள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். பாட்டை எழுதியவர், பதிவு செய்தவர், நன்றி கூறப்பட்டவர் ஆகியோரின் பெயர்கள் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு. மூன்றாவது, தொகுப்பு இசைத்தட்டுகளைக் கேட்க வேண்டும். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மெட்டல் மேசக்கர்’ என்ற தொகுப்பில் மெட்டாலிக்காவும் பெயரில்லாத பல குழுக்களுள் ஒன்றாகவே இடம்பெற்றது. முதற்பதிப்பில் அதன் பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சிட்டிருந்தார்கள்! நான்காவது, ஊரைக் கொண்டு தேட வேண்டும். மங்கோலியாவின் தி ஹூ குழு தன் நாட்டுக் குதிரைத்தலைப் பிடிலை மெட்டலில் சேர்த்தது. டில்லியின் பிளட்டிவுட் குழு டோல் மேளத்தைச் சேர்த்தது. எந்த மண்ணில் எந்த வாத்தியம் உண்டோ, அது இந்த இசையிலும் நுழைகிறது.

சேகரிப்பதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் போன்ற இடங்களின் வார இறுதிப் பழம்பொருள் சந்தைகளில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டிப் பார்க்கலாம். கேட்ட பாடல், குழு, ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தால், அந்த நோட்டும் ஒரு சேகரிப்புத்தான்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். எல்லாக் குழுக்களின் பாடல்களும் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. வன்முறையைப் போற்றும் வரிகளும் சிலவற்றில் உண்டு. ஆகவே, சட்டையின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், பிள்ளையின் அருகே அமர்ந்து, “இந்தப் பாட்டு என்ன சொல்கிறது?” என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், தேடிக் கண்டுபிடித்துச் சொல்லட்டும். ஒலியின் அளவையும் கவனியுங்கள். 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்கு மேல் ஒலி கூடக் கூட, கேட்கும் நேரம் வெகுவாகக் குறைய வேண்டும். செவி கெட்டால் திரும்ப வராது.

முக்கியமான ஒன்று இருக்கிறது. பர்மிங்காம் தொழிலாளியின் இசை பதிவானதால் உலகம் அதை அறிந்தது. வெள்ளை உறையில் இருந்தாலும் பதிவாகியிருந்ததால்தான் டயமண்ட் ஹெட் தப்பியது. நம் தோட்டங்களில் பால் மரங்களுக்கிடையே பாடிய பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், கும்மியும், திருவிழாவில் அதிர்ந்த தப்பும் உறுமியும் எந்த இசைத்தட்டில் உள்ளன? பெரும்பாலானவை எதிலும் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் பிரிந்து போகும்போது, பாட்டும் அவர்களோடு சிதறுகிறது. பாடத் தெரிந்த பாட்டிமார்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

அறியப்படாத இசையைத் தேடத் தெரிந்த பிள்ளை, தன் வீட்டிலுள்ள அறியப்படாத இசையையும் தேடட்டும். பாட்டியைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதியட்டும். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பாடிய நாள், யாரிடம் கற்றார் என்ற விவரம் ஆகிய நான்கையும் தவறாமல் எழுதி வைக்கட்டும். உறையில் சிறிய எழுத்துகள் இருந்ததால்தானே தூரத்துக் குழுக்களை நம்மால் தேட முடிந்தது? நாளைக்கு நம்மைத் தேடி வருபவர்களுக்கும் அந்தச் சிறிய எழுத்துகள் வேண்டும். பாட்டிக்கு அந்தப் பிள்ளை தன் இசையில் ஒன்றைக் கேட்கச் செய்யட்டும். உறுமி கேட்டுப் பழகிய செவிக்கு அது அவ்வளவு அந்நியமாக இராது.